பாட்டன் நட்ட கல். பேரன் ஏற்றும் விளக்கு

தைத் திங்களில் பூச நட்சத்திரம் கூடிய நன்னாளிலே, பத்துமலைத் திருத்தலத்தின் 272 படிகளையும் ஏறிச் செல்லும் அடியார் கூட்டத்தைக் காண்போர்க்கு ஒரு வியப்புத் தோன்றாமல் இராது. பால்குடம் ஏந்திய மூதாட்டியின் பின்னே பேத்தி நடக்கிறாள். காவடி சுமந்த இளைஞனுக்கு முன்னே அவன் தந்தை விபூதிப் பையுடன் வழிவிலக்கிச் செல்கிறார். அவ்விளைஞன் அலுவலகத்தில் நாள் முழுதும் மலாயும் ஆங்கிலமும் பேசுபவனாக இருக்கலாம். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டை அவன் ஒருமுறையேனும் கண்டதில்லை. ஆயினும் விரதமிருந்து, முடியிறக்கி, மஞ்சளாடை உடுத்தி, "வேல் வேல்" என்னும் முழக்கத்தினிடையே மலையேறுகின்றான்.

அவனுக்கு இதனைக் கற்றுக் கொடுத்தவர் யார்? பள்ளிப் பாடத்தில் இது இல்லை. சட்டம் எதுவும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் தந்தையும் பாட்டனும் அவனை வளர்த்த முறையே அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்தத் தொட்டில் கடல் கடந்து வந்த கதையையும், இன்று அது எவர் கைகளில் ஆடிக் கொண்டிருக்கிறது என்பதையும் இத்திருநாளில் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

கப்பலேறி வந்தவர்கள்

இந்நாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரின் மூதாதையர் தோட்டப்புறத்துக்கு வந்தவர்களே. ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் கங்காணிகளே தத்தம் கிராமங்களுக்குச் சென்று ஆள் சேர்த்து வந்தனர். 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர்களை இவ்வாறு அனுப்புவதற்குத் தடை விதிக்கும் வரை இந்த ஓட்டம் நீடித்தது. 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலின் பெயரைக் கேள்விப்படாத தோட்டக் குடும்பம் அரிது.

எங்கள் பாட்டனார் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கிராமமொன்றிலிருந்து கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர். தகரப் பெட்டி ஒன்று, இரண்டு வேட்டி, பாட்டியாரின் மஞ்சள் துணியில் முடிந்த குலதெய்வத்துத் திருநீறு ஆகியவையே அவர் கொண்டுவந்த சீர்வரிசை. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு ஆகமம் தெரியாது. புராணத்தையும் கூத்து மேடையில் கேட்டதுதான். ஆயினும் கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடு கிடைத்த சில மாதங்களிலேயே, அவரும் உடன் வந்தவர்களும் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, மாரியாத்தா என்று கும்பிடத் தொடங்கிவிட்டனர்.

அந்தக் கல்லை நட்டவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. வீடு தோட்டத்தினுடையது, வெட்டிய மரம் துரையினுடையது, காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது மட்டுமே அவர்கள் ஆட்கள். ஆனால் ஆத்தாள் முன்னிலையில் அவர்கள் ஊரார் ஆயினர். யார் காப்புக் கட்டுவது, யார் கரகம் எடுப்பது, கூழுக்கு எவ்வளவு கேழ்வரகு வாங்குவது என்பதையெல்லாம் கிராணியும் துரையும் அல்லாமல் அவர்களே கூடித் தீர்மானித்த ஒரே இடம் அந்த மரத்தடிதான். நம் ஆலயங்களின் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது.

கைரேகையும் கையொப்பமும்

அம்மரத்தடிக் கோயிலின் வழி வந்த ஆலயத்தில் இன்று செயலாளர் பொறுப்பை வகிப்பதால், பழைய வரவு செலவுப் புத்தகங்கள் என் பாதுகாப்பில் உள்ளன. கறையான் தின்றவை போக எஞ்சியவற்றுள் மிகப் பழையன 1950-களைச் சேர்ந்தவை. குடும்பத்துக்கு மாதம் ஐம்பது காசு கோயில் வரி. கொடுத்தவர் பெயருக்கு எதிரே ஊதா மையில் பெருவிரல் ரேகை. பக்கம் பக்கமாக அவ்வாறே கைரேகைகள்.

1960-களின் புத்தகங்களில் ரேகைகளின் இடையே தமிழ்க் கையொப்பங்கள் தலைகாட்டுகின்றன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து எழுந்த பிள்ளைகள் இட்டவை அவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. பல தோட்டங்களில் அது ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமாகவே இருந்தது. இருந்தாலும் அந்தக் கொட்டகையிலிருந்து வந்த எழுத்தே எம் தந்தையாரின் கையொப்பமாயிற்று. 1980-களுக்குப் பின் உரோமன் எழுத்துக் கையொப்பங்கள் மிகுகின்றன. இக்காலத்திலோ கைப்பேசி வழியாகப் பணம் வந்துவிடுகிறது. கையொப்பமே இல்லை.

சிலர் இதனைக் கேட்டதும் வருந்துவர். அடியேன் வருந்துவதில்லை. எழுத்து மாறியது, கொடுக்கும் குணம் மாறவில்லை. ஆனால் அந்தப் புத்தகங்களின் பின்பக்கங்களில் வேறொரு பட்டியல் உண்டு. அதுவே என் சிந்தனையைத் தூண்டியது. திருவிழா வேலைப் பங்கீடு என்பது அதன் தலைப்பு. வேப்பிலை கொண்டுவர இன்னார் மகன், குத்துவிளக்குத் துலக்க இன்னார் மகள், தென்னங்குருத்துத் தோரணம் கட்ட இன்ன வீட்டுப் பிள்ளைகள், பந்தியில் தண்ணீர் ஊற்ற இன்னார் பேரன் என்று எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளின் பெயர்கள் அங்கே வரிசையாக உள்ளன. பணத்தைப் பெரியவர்கள் கொடுத்தார்கள். வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அன்று அந்தப் பட்டியலில் இருந்த பிள்ளைகளே பின்னர் ஆலயத்தின் தலைவர்களாகவும் பொருளாளர்களாகவும் பந்தி விசாரிப்பவர்களாகவும் வந்தனர். அவர்களை எவரும் உட்கார வைத்துச் சமயப் பிரசங்கம் செய்து உருவாக்கவில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்து, "இது உன் பொறுப்பு" என்று சொல்லி உருவாக்கினார்கள்.

காசு காசாகச் சேர்த்துப் பெரிய காரியம் முடிக்கும் பழக்கத்தையும் அவ்வரிப் புத்தகமே கற்றுக் கொடுத்தது எனலாம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அப்போது 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடமே பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பால்மரம் வெட்டும் ஏழை தன் கூலியிலிருந்து பொதுக் காரியத்துக்குப் பங்கு எடுத்து வைப்பதை ஏற்கெனவே தன் கோயிலில் பழகியிருந்தான். ஆகவே சம்பந்தன் அவர்களின் அழைப்பு அவனுக்குப் புதிய மொழியாகத் தோன்றியிராது.

நல்லதும் கெட்டதும்

முன்னோர் விட்டுச் சென்றதெல்லாம் பொன் என்று சொல்லிவிடுவது எளிது; அது உண்மையாகாது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்னும் பழமொழி இரு பக்கமும் வெட்டும் வாள் அன்றோ? சம்பள நாளில் கள்ளுக்கடையில் கரைந்த கூலியைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளில் பலர் தாமும் அதே வழியில் சென்றனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்று கற்ற தந்தை, தன் மகனுக்கும் குனிந்து நிற்பதையே கற்றுக் கொடுத்தார். கப்பலில் திருநீற்றோடு சாதியும் வந்து இறங்கியது. எந்தச் சாதியார் எந்த நாள் உபயம் என்னும் வழக்கினால் பிளவுபட்ட தோட்டக் கோயில்கள் உண்டு.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் பரிதாபமானது. தாய் விடியுமுன் பால் வெட்டப் போய்விடுவாள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவாள். எம் தாயாரின் படிப்பும் மூன்றாம் வகுப்போடு அவ்வாறே முடிந்தது. ஆனால் அவரே தம் மகள்களைப் படிவம் ஐந்து வரை அனுப்பியே தீருவேன் என்று நின்றார். "உங்கம்மா என்னை நிறுத்துனது போதும்; என் பிள்ளைங்களை நான் நிறுத்த மாட்டேன்" என்று தந்தையாரின் தாயாரைச் சுட்டி அவர் சொல்லிய சொல் லயம் முழுதும் கேட்டதென்பர். மாமியாரோ, ஆயாக் கொட்டகையில் விட இடமில்லாத பேரப்பிள்ளைகளுக்காகவே மருமகளாக வரவிருந்த அண்ணன் மகளை அன்று நிறுத்தச் சொன்னவர். இருவர்மீதும் குறை காண இயலாது. ஒருவர் வறுமைக்கு வழி சொன்னார். மற்றவர் அந்த வழியை அடைத்தார்.

மரபு என்பது வந்ததை வந்தபடியே சுமப்பதன்று. நெல்லையும் பதரையும் முறத்தில் இட்டுப் புடைப்பதைப் போல, ஒவ்வொரு தலைமுறையும் தான் பெற்றதைப் புடைத்தே அடுத்த தலைமுறைக்கு அளக்க வேண்டும். கள்ளை விட்டு, கோயில் வரியை வைத்துக்கொண்டது ஒரு தலைமுறை. சாதி உபயத்தை விட்டு, உபயத்தை வைத்துக்கொண்டது அடுத்த தலைமுறை. பெண்ணை அடுக்களையில் நிறுத்துவதை விட்டு, அவள் கைக் கோலத்தையும் விளக்கையும் வைத்துக்கொண்டது இன்னொன்று. இந்தப் புடைத்தலைச் செய்தவர்களையும் நாம் முன்னோர் என்றே வணங்க வேண்டும்.

ஒரு முன்னோடியின் வழி

இந்நாட்டில் பிறந்து, ஆங்கிலம் கற்று, உயர்பதவியில் இருந்தும் மரபை விடாதவர் என்று சொன்னதும் நம் நினைவுக்கு வருபவர் தம்புசாமிப் பிள்ளை அவர்களே. 1850-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தவர். ராபிள்ஸ் கல்விநிலையத்தில் பயின்றவர். கோலாலம்பூரில் அரசாங்கக் கருவூலப் பணியில் இருந்து, பின்னர் தொழில்துறையில் செல்வம் ஈட்டியவர். 1893-இல் விக்டோரியா கல்விநிலையம் எழுந்தபோது அதற்குத் துணை நின்ற பெருமக்களுள் ஒருவர். ஆங்கிலக் கல்வி தம் சமூகப் பிள்ளைகளுக்கும் பிற இனத்துப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று எண்ணிய அவரே, பத்துமலைக் குகையில் வேலவனுக்குச் சந்நிதி அமையக் காரணமானார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடைபெற்று வருகிறது. அவர் 1902-இல் இயற்கை எய்தினார்.

கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தின் வரலாறு இன்னும் கருதத்தக்கது. 1873-இல் தோன்றிய அவ்வாலயம் தொடக்கத்தில் அவருடைய குடும்பத்தாரின் தனி வழிபாட்டிடமாக இருந்தது. 1885-இல் இன்றைய இடத்துக்கு வந்தது. 1920-களின் இறுதியில் பொதுமக்கள் வழிபாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் அங்கிருந்தே பத்துமலைக்குப் புறப்படுகிறது. ஒரு வீட்டாரின் பூசையாகவே அது நின்றிருந்தால், அவ்வீட்டாரின் பேரர்கள் காலத்தில் என்னவாகியிருக்குமோ! ஊரார் அனைவரும் உரிமையும் பொறுப்பும் ஏற்றதனால் அன்றோ ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அங்கே விளக்கு எரிகிறது! பூட்டி வைத்துக் காத்த மரபு பூட்டிய கையோடு போகும். பகிர்ந்து கொடுத்த மரபே நிலைக்கும்.

இரு குடும்பங்கள்

எங்கள் தோட்டம் 1990-களில் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாயிற்று. லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் கிள்ளான், ஷா ஆலம் முதலிய நகரங்களுக்கும் சிதறின. ஆத்தாள் புதிய இடத்தில் சிறு கோபுரத்துடன் எழுந்தருளினாள். முன்பு லயத்து வாசலில் இருந்த கோயில், இப்போது பலருக்கு ஒரு மணி நேர வாகனப் பயணத்தில் இருக்கிறது.

சிதறிய குடும்பங்களுள் இரண்டைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவை. இரண்டும் நன்றாக முன்னேறியவை. முதற் குடும்பத்தார் ஆண்டுதோறும் தவறாமல் பெருந்தொகை அனுப்புவர். திருவிழாவன்று மாலையில் வந்து, அர்ச்சனை செய்து, மரியாதை ஏற்று, இரவுக்குள் திரும்புவர். இரண்டாம் குடும்பத்தார் கொடுத்தது சிறிதே. ஆனால் முதல் நாளே பிள்ளைகளுடன் வந்து, ஆலய மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்து, காய் நறுக்கி, தோரணம் கட்டி, பந்தி முடிந்து பாத்திரம் கழுவிய பின்னரே வீடு திரும்புவர்.

ஆண்டுகள் ஓடின. இன்று இரு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டனர். முதற் குடும்பத்துப் பிள்ளைகள் பணிவும் பண்பும் உடையவர்கள். தாத்தாவின் பெயரால் இன்றும் நன்கொடை அனுப்புகிறார்கள். ஆனால் கோயிலுக்கு வந்தால் எங்கே நிற்பது என்று தெரியாமல் தூணோரம் ஒதுங்கி நிற்கிறார்கள். இரண்டாம் குடும்பத்துப் பிள்ளைகளோ வந்த உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் நுழைகிறார்கள். அவர்களுக்கும் தமிழ் எழுத்து சரளமாக வாராது. பதிகத்தை உரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். ஆனால் இது தங்கள் கோயில் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

இதில் எவரையும் குறை சொல்ல நான் முற்படவில்லை. முதற் குடும்பத்தாரின் பொருளின்றி எங்கள் கும்பாபிஷேகம் நடந்திராது. பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்னும் அன்பினாலேயே அவர்கள் அவ்வாறு செய்தார்கள். ஆனால் சிரமம் கொடாத அன்பு, உரிமையையும் கொடாமல் போய்விட்டது. இதுவே நாம் உணர வேண்டிய செய்தி.

நாம் செய்யத்தக்கவை

இந்நாட்டில் தமிழ்க் கல்விக்கு 1816-ஆம் ஆண்டு முதல் வரலாறு உண்டு. சுதந்திரத்தின்போது 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்றுக் கூடுதலாக உள்ளன. அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்புவது நம் முதற்கடமை. மலேசிய இந்து சங்கம் போன்ற அமைப்புகளும் பல ஆலயங்களும் நடத்தும் சமய வகுப்புகளையும் திருமுறைப் போட்டிகளையும் ஆதரிப்பது அடுத்த கடமை. ஆயினும் பள்ளியும் வகுப்பும் கொடுக்க முடியாத ஒன்றை ஆலயம் கொடுக்க முடியும். அதுவே பொறுப்பு.

ஆலய நிர்வாகத்தில் இருப்போருக்கும் உபயகாரப் பெருமக்களுக்கும் பணிவுடன் சில கருத்துகளை முன்வைக்கிறேன். உபயச் சீட்டு எழுதும்போது தொகையை மட்டும் கேளாமல், "உங்கள் வீட்டிலிருந்து எந்தப் பிள்ளை வரும், என்ன வேலை எடுக்கும்?" என்றும் கேட்போமாக. செய்யும் சடங்கின் பொருளைக் குருக்களைக் கொண்டு, தேவைப்பட்டால் மலாயிலோ ஆங்கிலத்திலோ கூட, பிள்ளைகளுக்கு விளக்கச் செய்வோமாக. புரியாமல் செய்ததை அவர்கள் ஒருநாள் விட்டுவிடுவார்கள். நிர்வாகக் குழுவில் முப்பது வயதுக்குட்பட்டோருக்கும் பெண்களுக்கும் பெயரளவில் அன்றி வாக்குரிமையுடன் இடம் தருவோமாக. ஒவ்வொரு குடும்பமும் தன் பாட்டனார் வந்த ஊர், ஏறிய துறைமுகம், இறங்கிய ஆண்டு, வேலை செய்த தோட்டம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் நன்று. கேட்டுச் சொல்லும் முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். இதனைத் தள்ளிப் போடலாகாது.

எங்கள் ஆலயத்தில் மூன்றாம் நாள் உபயம் சில ஆண்டுகளாக ஏற்பாரின்றி இருந்தது. அதை நடத்தி வந்த குடும்பத்தில் முதியவர் மறைந்தார். பிள்ளைகள் வெளிநாடு சென்றனர். அந்நாளை நிறுத்திவிடலாமா என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அப்போது இருபது வயதை ஒட்டிய பன்னிருவர் முன்வந்து, "நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்றனர். அவர்களுள் சிலர் தோட்டத்தையே கண்டதில்லை. இருவர் பிற தோட்டங்களிலிருந்து வந்த குடும்பத்தினர். கைப்பேசி வழியாகப் பத்தும் இருபதுமாகத் திரட்டினர். பந்திக்கு வாழையிலை அவர்களே வெட்டிக் கொண்டுவந்தனர். பூசை முடிந்தபின் குருக்களைச் சூழ்ந்துகொண்டு, கரகத்தில் வேப்பிலை ஏன், பூசணிக்காய் உடைப்பது ஏன் என்று கேள்விமேல் கேள்வி கேட்டனர். அவரும் முகம் மலர்ந்து நெடுநேரம் விளக்கம் கூறினார்.

அன்றைய வரவுப் பட்டியலை அவர்கள் கணினியில் அச்சிட்டு, உரோமன் எழுத்துப் பெயர்களோடு என்னிடம் ஒப்படைத்தனர். ஊதா மைக் கைரேகைகள் உள்ள பழைய புத்தகத்தோடு அதனையும் சேர்த்து வைத்துள்ளேன். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய எழுபது ஆண்டுகள். அடுத்த ஆண்டுக்கான வேலைப் பங்கீட்டையும் அவர்களே எழுதத் தொடங்கிவிட்டனர். வேப்பிலைக்கும் விளக்குக்கும் எதிரே தம் தம்பி தங்கையரின் பெயர்களைக் குறித்திருக்கிறார்கள்.

பத்துமலையிலும், தண்ணீர்மலையிலும், இந்நாட்டுச் சிற்றூர்க் கோயில்கள் அனைத்திலும் காவடி சுமந்து வரும் அடியார்களே! உங்கள் பக்கத்தில் நடந்து வரும் சிறு பிள்ளையின் கையில் இவ்வாண்டு ஏதேனும் ஒன்றைக் கொடுங்கள். ஒரு செம்புப் பாலாக இருக்கலாம். ஒரு மயிலிறகாக இருக்கலாம். அதைக் கீழே விடாமல் கொண்டுவர வேண்டியது அப்பிள்ளையின் பொறுப்பு என்று சொல்லுங்கள். எல்லாம் வல்ல முருகப் பெருமான் திருவருளால் எல்லாக் குடும்பங்களும் நலமும் வளமும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க!